கோழி ரத்தமும் கனநீரும்

அவிநாசியிலிருந்து பல்லடம், பொங்கலூர், உடுமலை என்று எந்தத் திசையில் போனாலும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நீளநீளமான கறிக்கோழிக் கொட்டகைகள் கண்ணில் படும். ஒரு நாள் குஞ்சாக வந்திறங்குபவை நாற்பது நாள் வாக்கில் இரண்டு கிலோவைத் தாண்டி லாரி ஏறிவிடுகின்றன. பல்லடத்தில் நிர்ணயிக்கும் கொள்முதல் விலை மறுநாள் பேப்பரில் வருகிறது. இந்தத் தொழிலில் கறிக்கு விலை உண்டு, எருவுக்கு விலை உண்டு, ரத்தத்தைத்தான் கேட்பாரில்லை. ஆட்டு ரத்தமாவது பொரியலாகி இலைக்கு வந்துசேரும். கோழி ரத்தம் கடைக்காரர் அடித்து ஊற்றும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது.

உயிரியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் இந்த மதிப்பு தலைகீழாகிவிடும். ஆட்டின் ரத்தச் சிவப்பணுவில் உட்கரு கிடையாது. நமக்கும் கிடையாது. பாலூட்டிகளின் சிவப்பணு எலும்பு மஜ்ஜையில் முதிரும்போதே தன் உட்கருவை வெளியே தள்ளிவிட்டுத்தான் ரத்த ஓட்டத்துக்குள் வருகிறது. பறவைகளின் சிவப்பணு அப்படிச் செய்வதில்லை. நீள்வட்ட வடிவத்தில், நடுவே உட்கருவோடு, உடல் முழுக்கச் சுற்றிவருகிறது. ஒரு மில்லிலிட்டர் கோழி ரத்தத்தில் 250 முதல் 350 கோடி வரை இத்தகைய அணுக்கள் இருக்கும். ஈரலையோ மண்ணீரலையோ அரைத்துப் பலவகை செல்களைப் பிரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கிட்டத்தட்ட ஒரே வகைச் செல், ஒரே வகை உட்கரு, வேண்டிய அளவுக்கு. உட்கருவுக்குள் டிஎன்ஏ எப்படி மடங்கிக் கிடக்கிறது என்று கேட்டவர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கோழி ரத்தத்தைத் தேடிப் போனதற்கு இதுதான் காரணம்.

அவர்கள் கேட்டது எளிய கேள்விதான். கோழிச் செல் ஒன்றிலுள்ள டிஎன்ஏவை முழுக்க நீட்டிப் பிடித்தால் சுமார் 80 சென்டிமீட்டர் வரும். அது அடைந்து கிடக்கும் உட்கருவின் குறுக்களவு சில மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்குகள். இடத்தைப் போல லட்சம் மடங்கு நீளமுள்ள இழை அதற்குள் சிக்காமல், வேண்டியபோது வேண்டிய பகுதி திறக்கும்படி அடுக்கப்பட்டிருக்கிறது. டிஎன்ஏவும் அதைச் சுருட்டிவைக்கும் புரதங்களும் சேர்ந்த இந்தக் கலவைக்குக் குரோமாட்டின் என்று பெயர். அதன் அடுக்குமுறையைத் தெரிந்துகொள்ள எத்தனையோ கருவிகள் வந்தன. அவற்றில் மிகவும் விசித்திரமானது அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான்.

பார்ப்பதில் உள்ள சிக்கல்

நுண்ணோக்கி இருக்க அணு உலை எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. குரோமாட்டினின் நுட்பமெல்லாம் 10, 30, 100 நானோமீட்டர் அளவுகளில் இருக்கிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு அது எட்டாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு எட்டும். ஆனால் அதன் வழக்கமான முறையில் செல்லிலுள்ள நீரை வற்றவைத்து, பிசினில் உறையவைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, கன உலோகச் சாயம் ஏற்றி, வெற்றிடத்தில் வைக்க வேண்டும். குரோமாட்டினின் மடிப்போ அதைச் சுற்றியுள்ள நீரையும் உப்பையும் சார்ந்தது. உப்பின் அளவு கொஞ்சம் மாறினாலே இழை விரிகிறது, சுருங்குகிறது. இத்தனை பக்குவங்களுக்குப் பிறகு தெரியும் உருவம் உயிருள்ள செல்லில் இருந்ததுதானா என்ற சந்தேகம் கூடவே வந்தது.

எக்ஸ் கதிர் நீரில் இருக்கும் பொருளையே ஆராயும். ஆனால் அது எலெக்ட்ரான்களின் மீது பட்டுச் சிதறுவதால், டிஎன்ஏ எது, புரதம் எது என்று தனித்தனியே பிரித்துச் சொல்லத் திணறும். அதன் ஆற்றலும் அதிகம். கட்டமைப்பு ஆய்வில் வழக்கமாகப் பயன்படும் எக்ஸ் கதிர்த் துகள் ஒன்றின் ஆற்றல் சுமார் 8,000 எலெக்ட்ரான்வோல்ட். அதே வேலைக்கு வரும் குளிர் நியூட்ரானின் ஆற்றல் ஒரு எலெக்ட்ரான்வோல்ட்டில் ஆயிரத்தில் மூன்று பங்குதான். மூலக்கூறுகளின் பிணைப்பை முறிக்கும் வலு அதற்கு இல்லை. வினாடிக்கு சுமார் 800 மீட்டர் வேகத்தில், அரை நானோமீட்டர் அலைநீளத்தோடு அது மாதிரிக்குள் நுழைந்து, பெரும்பாலும் எதையும் தொடாமலே மறுபுறம் வெளியேறுகிறது. சில நியூட்ரான்கள் மட்டும் அணுக்கருக்களின் மீது பட்டு லேசாகத் திசை திரும்புகின்றன. அந்தத் திருப்பத்தின் கோணத்தில்தான் செய்தி இருக்கிறது.

பெரிய அமைப்பு சிறிய கோணத்தில் சிதறவைக்கும் என்பது இங்கே அடிப்படை விதி. 30 நானோமீட்டர் இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு, அரை நானோமீட்டர் அலைநீள நியூட்ரானை ஏறத்தாழ 1 டிகிரி திருப்பும். ஒரு மைக்ரோமீட்டர் அளவுள்ள அமைப்பு அதிலும் முப்பதில் ஒரு பங்குதான் திருப்பும். இவ்வளவு சிறிய விலகலை நேராக வரும் கற்றையிலிருந்து பிரித்தறிய வேண்டுமானால் உணர்கருவியை வெகுதூரம் தள்ளி வைக்க வேண்டும். பிரான்சின் கிரெனோபிள் நகரிலுள்ள லவே–லாஞ்செவின் ஆய்வு நிலையத்தில் இருக்கும் டி11 என்ற கருவியில் மாதிரிக்கும் உணர்கருவிக்கும் இடையே 40 மீட்டர் வரை தூரம் வைக்கலாம். நகக்கண் அளவு மாதிரியில் உள்ள உட்கருக்களை அளக்க, நம்மூர் கோழிக் கொட்டகை நீளத்துக்கு ஒரு வெற்றிடக் குழாய் தேவைப்படுகிறது.

மறையவைக்கும் நீர்

நியூட்ரானின் உண்மையான பலம் ஹைட்ரஜனைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. வேதியியலுக்கு ஹைட்ரஜனும் அதன் கனமான வடிவமான டியூட்டீரியமும் ஏறக்குறைய ஒன்று. நியூட்ரானுக்கு அவை இரண்டும் எதிரெதிர். எந்த அணுக்கரு நியூட்ரானை எவ்வளவு சிதறடிக்கும் என்பதைச் சிதறல் நீளம் என்ற அளவால் குறிப்பார்கள். ஹைட்ரஜனுக்கு அது −3.74 ஃபெம்டோமீட்டர், டியூட்டீரியத்துக்கு +6.67. குறியே மாறிவிடுகிறது. ஆகவே சாதாரண நீரையும், ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள கனநீரையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்தால், நீரின் சிதறல் திறனை விரும்பிய அளவுக்கு ஏற்றி இறக்கலாம்.

இதனால் என்ன பயன்? கண்ணாடிக் குச்சி ஒன்றைத் தண்ணீரில் விட்டால் தெரிகிறது. கிளிசரினில் விட்டால் ஏறக்குறைய மறைந்துபோகிறது. இரண்டும் ஒளியை ஒரே அளவில் வளைப்பதுதான் காரணம். நியூட்ரானிலும் அதே வித்தை. நீரில் கனநீரின் பங்கு 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும்போது புரதங்களின் சிதறல் திறனும் நீரின் சிதறல் திறனும் ஒன்றாகிவிடும். அப்போது நியூட்ரானுக்குப் புரதம் இருப்பதே தெரியாது. டிஎன்ஏ மட்டும் தெரியும். கனநீரை 65 சதவீதத்தை ஒட்டி உயர்த்தினால் டிஎன்ஏ மறைந்து, புரதம் மட்டும் தெரியும். சாயம் வேண்டாம், வெட்ட வேண்டாம், காயவைக்க வேண்டாம். ஒரே உட்கருவை, நீரின் கலவையை மட்டும் மாற்றி, இரண்டு முறை தனித்தனியாக விசாரிக்கலாம்.

1970களின் நடுவில் இந்த வித்தை ஒரு பெரிய சந்தேகத்தைத் தீர்த்தது. 1974-ல் அடா ஓலின்ஸ், டொனால்ட் ஓலின்ஸ் தம்பதியர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் குரோமாட்டின் இழை நெடுக உருண்டை உருண்டையாகத் துகள்கள் கோக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்கள். அவர்கள் ஆராய்ந்த மாதிரிகளில் கோழிச் சிவப்பணு உட்கருவும் ஒன்று. அதே ஆண்டு ரோஜர் கோர்ன்பெர்க், ஹிஸ்டோன் என்ற புரதங்கள் எட்டும் சுமார் 200 கார இணை நீளமுள்ள டிஎன்ஏவும் சேர்ந்ததே ஒரு துகள் என்று முன்மொழிந்தார். நியூக்ளியோசோம் என்று பின்னால் பெயர் பெற்ற அந்தத் துகளில் எது உள்ளே, எது வெளியே? டிஎன்ஏ புரதத்தைச் சுற்றியிருக்கிறதா, புரதம் டிஎன்ஏவைப் போர்த்தியிருக்கிறதா? இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் நகரிலிருந்து ஜான் பால்ட்வின், மார்ட்டன் பிராட்பரி ஆகியோரின் குழுவும், ஜான் பார்டன், பிரையன் ரிச்சர்ட்ஸ் ஆகியோரின் குழுவும் 1975-ல் நியூட்ரான் அளவீடுகளை வெளியிட்டன. நீர்–கனநீர்க் கலவையை மாற்ற மாற்ற, புரதம் நடுவிலும் டிஎன்ஏ வெளிச்சுற்றிலும் இருப்பது தெளிவானது. 22 ஆண்டுகள் கழித்து, 1997-ல், கரோலின் லூகர், டிமோத்தி ரிச்மண்ட் குழுவினர் நியூக்ளியோசோம் படிகத்தை எக்ஸ் கதிரில் அணு அணுவாகத் தீர்த்தபோது, புரத மையத்தைச் சுற்றி டிஎன்ஏ ஒன்றரைச் சுற்றுக்கும் சற்று அதிகமாக வளைந்திருந்தது. நியூட்ரான் சொன்னது சரிதான்.

சிதம்பரத்தில் பிறந்தவர்

அடுத்த கேள்வி, இந்தத் துகள்கள் ஒன்றோடொன்று எப்படி அடுக்கப்படுகின்றன என்பது. 1976-ல் ஜான் ஃபின்ச், ஆரன் க்ளுக் இருவரும், நியூக்ளியோசோம் மாலை சுருள் கம்பியைப் போலச் சுற்றி 30 நானோமீட்டர் தடிமனுள்ள இழையாகிறது என்றார்கள். அந்தச் சுருள் பாடப்புத்தகங்களில் இடம்பிடித்தது. அதை நியூட்ரானால் அளக்க இறங்கியவர்களில் தமிழ் வாசகர்களுக்குப் பழகிய ஒரு பெயர் உண்டு: வெங்கி என்று அழைக்கப்படும் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

1952-ல் சிதம்பரத்தில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு பரோடாவுக்குப் போனவர் வெங்கி. பரோடாவில் இயற்பியல் பட்டம், அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976-ல் இயற்பியலில் முனைவர் பட்டம். அதன் பிறகு இயற்பியலை விட்டு உயிரியல் வகுப்பில் மாணவராக உட்கார்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மூரின் ஆய்வகத்தில் நியூட்ரான் சிதறலைக் கற்றார். செல்லில் புரதங்களை உருவாக்கும் துகளான ரைபோசோமின் சிறு பகுதியிலுள்ள 21 புரதங்களும் எங்கெங்கே இருக்கின்றன என்பதை, இரண்டிரண்டு புரதங்களாக டியூட்டீரியம் ஏற்றி அளக்கும் பெரும்பணி அங்கே நடந்துகொண்டிருந்தது. பிறகு ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம். 1983 முதல் லாங் ஐலண்டிலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம். புரூக்ஹேவனில் ஓர் ஆராய்ச்சி அணு உலை இருந்தது. வெங்கி அங்கே எடுத்துக்கொண்ட பொருள் குரோமாட்டின்.

1987-ல் சூ எலன் கெர்ச்மனும் அவரும் சேர்ந்து, உப்பின் அளவைப் படிப்படியாக ஏற்றி, குரோமாட்டின் இழை எவ்வளவு நெருக்கமாகச் சுருங்குகிறது என்பதை நியூட்ரானாலும் ஒருவகை எலெக்ட்ரான் நுண்ணோக்கியாலும் அளந்து வெளியிட்டார்கள். 11 நானோமீட்டர் நீளத்துக்கு 6 முதல் 7 நியூக்ளியோசோம் வரை அடைவதுதான் உச்சம் என்பது அவர்கள் கண்டது. அடுத்து இணைப்பு ஹிஸ்டோன் பக்கம் திரும்பினார்கள். நியூக்ளியோசோம் துகளில் சேராமல், டிஎன்ஏ உள்ளே நுழைந்து வெளியேறும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதம் இது. பொதுவாக எச்1 எனப்படும். பறவைச் சிவப்பணுவில் எச்5 என்ற தனி வகை உண்டு. 1993-ல் வெங்கியின் குழு எச்5-இன் மையப் பகுதியை எக்ஸ் கதிர்ப் படிக முறையில் தீர்த்தது. 1994-ல் நியூட்ரானைக் கொண்டு, 30 நானோமீட்டர் இழையில் எச்1 எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். இயல்பான இழையிலிருந்து இணைப்பு ஹிஸ்டோன்களைக் கழற்றிவிட்டு, டியூட்டீரியம் ஏற்றிய எச்1-ஐ அதே இடத்தில் பூட்டினால், நியூட்ரான் கற்றையில் அந்தப் புரதம் மட்டும் எடுப்பாகத் தெரியும். எச்1 இழையின் உட்புறத்தில் இருக்கிறது என்ற விடை நேச்சர் இதழில் வந்தது.

1995-ல் வெங்கி புரூக்ஹேவனை விட்டார். படிகவியலுக்கு முழுமையாக மாறி, 2000-ல் ரைபோசோமின் சிறு பகுதியைத் தீர்த்து, 2009-ல் வேதியியல் நோபலைத் தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோரோடு பகிர்ந்துகொண்டார். நம்மூர்ப் பத்திரிகைகள் கொண்டாடியது அந்த வெங்கியைத்தான். அதற்கு முன் பத்தாண்டுக்கு மேல் குரோமாட்டினோடும் கனநீரோடும் மல்லுக்கட்டிய வெங்கியைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

கோழி மட்டும் சொன்ன சாட்சி

இங்கே கதை திரும்புகிறது. 30 நானோமீட்டர் இழை பாடப்புத்தகத்தில் உறுதியாக உட்கார்ந்த பிறகு, அது உண்மையான செல்லுக்குள் இருக்கிறதா என்று சிலர் தேடிப் போனார்கள். செல்லை நொடியில் உறையவைத்து, நீர் பனிக்கட்டியாகப் படிகமாகாமல் கண்ணாடி போல் நிற்கும்படி செய்து, சாயமில்லாமல் பார்க்கும் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி அதற்குள் வந்திருந்தது. 2008-ல் மிகைல் எல்ட்சோவ், கசுஹிரோ மேஷிமா, ழாக் துபோஷே ஆகியோர் ஆய்வகத்தில் வளர்க்கப்படும் மனித ஹீலா செல்களின் குரோமோசோம்களை அப்படிப் பார்த்தார்கள். 30 நானோமீட்டர் இழை தட்டுப்படவில்லை. ஒழுங்கில்லாத ஒரு நெருக்கம்தான் இருந்தது.

அப்படியானால் பழைய எக்ஸ் கதிர்ச் சிதறல் வளைகோடுகளில் 30 நானோமீட்டருக்கு நேரே தெரிந்த மேடு எங்கிருந்து வந்தது? மேஷிமாவின் குழு 2012-ல் அதற்கு விடை சொன்னது. குரோமோசோம்களைப் பிரித்தெடுக்கும்போது அவற்றின் மேற்பரப்பில் ரைபோசோம்கள் ஒட்டிக்கொள்கின்றன. அந்த ரைபோசோம்களைக் கழுவி நீக்கியதும் மேடு மறைந்தது. குரோமாட்டின் இழை என்று நம்பிப் படித்த குறியில் ஒரு பங்கு, வெளியே ஒட்டியிருந்த ரைபோசோம்களின் அடுக்கு. குரோமாட்டினிலிருந்து ரைபோசோமுக்குத் திரும்பி நோபல் வாங்கியவரின் கதையை அறிந்தவர்கள் இதைப் படித்து ஒரு முறை புன்னகைத்திருப்பார்கள்.

ஆனால் கோழி விட்டுக்கொடுக்கவில்லை. 2011-ல் மார்கோட் ஷெஃபர், எல்ட்சோவ், அகிலியஸ் ஃபிராங்காகிஸ் மூவரும் அதே உறைநிலை முறையில் கோழிச் சிவப்பணு உட்கருவைப் பார்த்தார்கள். அங்கே 30 நானோமீட்டர் இழைகள் இருந்தன. குறுகிய தூரத்துக்குச் சுருள் ஒழுங்குகூடத் தெரிந்தது. ஆக, பழைய ஆய்வாளர்கள் தவறாகப் பார்க்கவில்லை. கோழி ரத்தம் தன்னைப் பற்றி உண்மையைத்தான் சொன்னது. அதை எல்லாச் செல்லுக்கும் பொதுவிதியாக்கியது கேட்டவர்கள்.

கோழிச் சிவப்பணு ஏன் தனி? முதிர்ந்த சிவப்பணுவுக்கு ஆக்சிஜன் சுமப்பதைத் தவிர வேலை இல்லை. அதன் மரபணுக்கள் ஏறக்குறைய எல்லாமே அடைக்கப்பட்டுவிட்டன. முதிர முதிர எச்5 சேர்ந்து, குரோமாட்டினை இறுக்கி மூடுகிறது. ஒரு நியூக்ளியோசோமுக்கும் அடுத்ததற்கும் இடையிலான டிஎன்ஏ நீளமும் மற்றப் பல செல்களைவிட அதிகம். சுமார் 212 கார இணைக்கு ஒரு நியூக்ளியோசோம் வருகிறது. பிரித்தெடுக்க எளிது, அளவும் ஏராளம் என்பதற்காகத் தேர்ந்தெடுத்த உட்கரு, எல்லா உட்கருக்களிலும் அமைதியானதும் இறுக்கமானதுமாக அமைந்துவிட்டது. கையில் எளிதாகக் கிடைத்த மாதிரி கேள்விக்கான விடையையும் கொஞ்சம் தீர்மானித்துவிட்டது.

முழு உட்கருவும் ஒரு வளைகோடும்

அப்படியென்றால் நியூட்ரானின் வேலை முடிந்ததா? இல்லை, கேள்விதான் மாறியது. இழையைத் தனியே உருவியெடுத்து அளப்பதை விட்டு, முழு உட்கருவையே கற்றையில் வைக்கும் பக்கம் ஆய்வு நகர்ந்தது. மாதிரி தயாராகும் விதத்தைப் பார்த்தால் அதன் எளிமை புரியும். ரத்தம் உறையாமல் இருக்கச் சிட்ரேட் சேர்த்து, மையவிலக்கியில் சுற்றி, சிவப்பணுக்களை மட்டும் எடுத்து உப்புக்கரைசலில் கழுவுகிறார்கள். மென்மையான ஒரு சோப்புப் பொருள் செல்லின் வெளிச்சவ்வைக் கரைக்கும், ஹீமோகுளோபின் வெளியேறிவிடும். மறுபடி மறுபடி கழுவினால் சிவப்பு நீங்கி வெளுத்த உட்கருப் படிவு அடியில் தங்கும். அதைக் கனநீர்க் கலவையில் கலக்கி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள குவார்ட்ஸ் குப்பியில் ஊற்றிக் கற்றைக்கு நேரே வைக்கிறார்கள். நியூட்ரான்கள் சொற்பம், ஓர் அளவீடு முடிய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாதாரண நீரில் உள்ள ஹைட்ரஜன் எல்லாத் திசையிலும் வீண் சிதறலைக் கிளப்பி இரைச்சலைக் கூட்டும் என்பதால், கனநீர் அதிகமுள்ள கலவைகளில் அளவு தெளிவாக வரும்.

2005-ல் ரஷ்யாவின் காட்சினா நகரிலுள்ள அணுக்கரு இயற்பியல் நிலையத்தைச் சேர்ந்த திமித்ரி லெபெதெவும் உடன் ஆய்வாளர்களும் கோழிச் சிவப்பணுவின் முழு உட்கருக்களை இப்படி அளந்தார்கள். 15 நானோமீட்டரிலிருந்து 1.5 மைக்ரோமீட்டர் வரை, நூறு மடங்கு விரிந்த அளவுகளில் சிதறல் ஒரே போக்கில் விழுந்தது. ஏதாவது ஒரு குறிப்பிட்ட தடிமனுக்குரிய இழை மட்டும் இருந்திருந்தால் வளைகோட்டில் அங்கே ஒரு மேடு வந்திருக்கும். இங்கே கிடைத்தது ஃபிராக்டலின் அடையாளம்: பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அடுக்குமுறை ஒன்றுபோல் தோன்றும் அமைப்பு.

ஃபிராக்டல் பரிமாணம் என்ற எண்ணை இப்படிப் புரிந்துகொள்ளலாம். உட்கருவுக்குள் ஒரு புள்ளியை வைத்து, அதைச் சுற்றி ஒரு கோளம் வரைந்து, அதற்குள் எவ்வளவு டிஎன்ஏ இருக்கிறது என்று கணக்கெடுக்கிறோம். பிறகு கோளத்தின் ஆரத்தை இரட்டிப்பாக்குகிறோம். டிஎன்ஏ இடத்தை முழுக்க நிரப்பியிருந்தால் அளவு எட்டு மடங்காகும், பரிமாணம் 3. நான்கு மடங்கு மட்டும் ஆனால் பரிமாணம் 2. அதாவது இடையிடையே நிறைய வெற்றிடம் விட்டுக் கிடக்கிறது. காட்சினா குழு கண்டது இது: புரதத்தின் பரிமாணம் எல்லா அளவிலும் சுமார் 2.5. டிஎன்ஏவுக்கு இரண்டு முகங்கள். 300 நானோமீட்டருக்குக் கீழே பரிமாணம் 2-ஐச் சற்றே தாண்டியது. அதற்கு மேலே 3-ஐ நெருங்கியது. சிறிய அளவில் திறந்த, இடைவெளியுள்ள அடுக்கு. பெரிய அளவில் உட்கருவை நிறைக்கும் அடைசல். மிக அமைதியான, இறுகிப்போன உட்கருவிலும் சிறிய அளவில் புரதங்கள் புகுந்து புறப்பட இடம் இருக்கிறது என்று இதை வாசிக்கலாம்.

புரதத்தின் கதையும் டிஎன்ஏவின் கதையும் வேறுவேறு என்பது நீரின் கலவையை மாற்றியதால்தான் தெரிந்தது. எக்ஸ் கதிர் இரண்டையும் சேர்த்து ஒரே வளைகோடாகத் தந்திருக்கும். காட்சினா வட்டாரத்து ஆய்வாளர்கள் பின்னர் மனித ஹீலா செல்களின் உட்கருவையும் நியூட்ரானில் வைத்து அளந்தார்கள். கோழியைத் தாண்டி மற்றச் செல்களிடமும் கேட்க வேண்டும் என்ற பாடம் உறைத்திருந்தது.

நியூட்ரானின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது படம் தருவதில்லை, வளைகோடு தருகிறது. அந்தக் கோடு கோடிக்கணக்கான உட்கருக்களின் சராசரி. வெவ்வேறு வடிவங்கள் ஒரே கோட்டைத் தரக்கூடும் என்பதால், எது சரி என்று தீர்மானிக்கக் கணினி மாதிரிகளும் வேறு முறைகளும் துணைக்கு வர வேண்டும். 2017-ல் அமெரிக்காவின் சால்க் நிலையத்தில் புதிய எலெக்ட்ரான் நுண்ணோக்கி முறையொன்று, மனிதச் செல்களுக்குள் குரோமாட்டின் 5 முதல் 24 நானோமீட்டர் வரை தடிமன் மாறிமாறி வரும் ஒழுங்கற்ற சங்கிலியாக இருப்பதைக் காட்டியது. படம் ஒரு மூலையைத் துல்லியமாகக் காட்டும். சிதறல் முழுக் கூட்டத்தின் பொதுத்தன்மையைச் சொல்லும். ஒன்றில்லாமல் மற்றதை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த 30 நானோமீட்டர் மேடே உதாரணம்.

நம் பக்கத்தில் நியூட்ரான்

நியூட்ரான் சிதறல் நமக்கு அந்நியமான துறை இல்லை. திருநெல்வேலியில் பிறந்த பி.கே. அய்யங்கார், 1950களில் கனடாவின் சாக் ரிவரில் பெர்ட்ரம் பிராக்ஹவுஸிடம் பயின்று திரும்பி, மும்பை டிராம்பேயில் இத்துறையைக் கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர். அந்த பிராக்ஹவுஸுக்கு இதே துறைக்காக 1994-ல் நோபல் கிடைத்தது. சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம், டிராம்பேயின் நியூட்ரான்களைக் கொண்டு அமினோ அமிலப் படிகங்களில் ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது என்று அளந்தார். 1985-ல் அங்கே இயங்கத் தொடங்கிய 100 மெகாவாட் துருவா உலையில் சிறுகோணச் சிதறல் கருவிகள் உள்ளன. பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அங்கே நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

தமிழ்நாட்டுக்குள்ளேயே கல்பாக்கத்தில் காமினி என்ற சிறு உலை 1996 முதல் இருக்கிறது. யுரேனியம்–233 எரிபொருளில் ஓடுகிறது. ஆனால் அதன் திறன் 30 கிலோவாட். கிரெனோபிள் உலையின் 58 மெகாவாட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பொருட்களை ஊடுருவிப் படமெடுக்கும் நியூட்ரான் ரேடியோகிராபிக்கு அது போதும். உட்கருவின் மெல்லிய சிதறலை எண்ண நியூட்ரான் போதாது. இத்தகைய ஆய்வுக்குத் தேவையான கனநீரைத் தயாரிக்கத் தூத்துக்குடியில் ஒரு காலத்தில் ஆலையே ஓடியது. கோழி ரத்தத்துக்குப் பல்லடம் போதும். பெரிய குறை கற்றைதான். அதற்கு மும்பைக்கு ரயில் ஏற வேண்டும்.

அப்படி ஏறுகிற மாணவர் எடுத்துப்போக வேண்டிய மாதிரி, என் கணக்கில், ஒன்றில்லை, மூன்று. ஒரே கோழியின் முதிர்ந்த சிவப்பணு. அதன் எலும்பு மஜ்ஜையில் இன்னும் மரபணுக்கள் அடைபடாத இளம் சிவப்பணு. இரவும் பகலும் வேலை செய்யும் ஈரல் செல். மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே டிஎன்ஏ. ஒரே கனநீர்க் கலவை, ஒரே கற்றை, ஒரே கருவி. மாறுவது செல்லின் வேலை மட்டும். மூன்று வளைகோடுகளும் எங்கே ஒன்றாக ஓடுகின்றன, எந்த அளவில் பிரிகின்றன என்று பார்த்தால், அடுக்குமுறையில் எது எல்லா உட்கருவுக்கும் பொது, எது வேலையைப் பொறுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியும். ஐம்பது ஆண்டு ஆய்வில் குரோமாட்டினின் வடிவம் என்ன என்று ஒருமையில் கேட்டதுதான் நம்மை அதிகம் சுற்றவிட்டது. எந்தச் செல்லில், எந்த வேலையின் நடுவில் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் நியூட்ரான் தரும் விடைக்குப் பொருள் உண்டு.